மோட்டார்க் காரும் முறையான வரியும்

லம்பா லைன் என்பது எங்கள் ஊர். போர்ட் பிளேயர் நகரின் ஒரு பகுதி அது. 2024 செப்டம்பரில் நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் பகுதியின் பெயரை யாரும் தொடவில்லை. விமானத்தில் அந்தமானுக்கு வருவோர் முதலில் மிதிக்கும் மண் எங்களுடையதே. விமான நிலையம் இங்குதான் இருக்கிறது. 'லம்பா' என்னும் இந்திச் சொல்லுக்கு 'நீண்ட' என்று பொருள். 'லைன்' என்பதைத் தமிழில் 'வரி' என்று சொல்லலாம் அன்றோ? ஆக, எங்கள் ஊரின் பெயரைத் தமிழாக்கினால் 'நீண்ட வரி' என்று வரும். வரியைப் பற்றிக் கட்டுரை எழுத இதைவிடப் பொருத்தமான ஊர்க்காரன் நம் பல்கலைக் கழகத்தில் கிடைக்கமாட்டான் என்று கருதியே துணிந்து பேனாவை எடுத்தேன்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபொழுது ஒரு மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு நடந்தது. வாதி, என் பெரியப்பா. அவர் சென்னையில் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர். முழங்கால் வலி காரணமாக நடக்க முடியாது. வெள்ளிக்கிழமை வெற்றிமலை முருகன் கோயில், ஞாயிற்றுக்கிழமை அபர்தீன் பஜார், இடையிலே இரண்டொரு முறை மருத்துவமனை. அவ்வளவுதான் அவருடைய காரின் உலகம். ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். எதிர்வாதி, அடுத்த வீட்டு ஒப்பந்தக்காரர். இரண்டு டன்னுக்குமேல் எடையுள்ள பெரிய வண்டி வைத்திருக்கிறார். வாரந்தோறும் மாயாபந்தர் போய்த் திரும்புவார். மூன்றாவதாக வந்து உட்கார்ந்தவர் எதிர்வீட்டுப் பள்ளி ஆசிரியை. அவரிடம் இருப்பது மின்சாரக் கார்.

"சென்னையிலே இந்த வண்டிக்கு ஆயுள் முழுவதற்கும் வரி கட்டியாயிற்று. கடல் தாண்டி வந்தால் மறுபடியும் கட்டு என்கிறார்கள். ஒரு வண்டிக்கு எத்தனை ஆயுள்?" என்று பெரியப்பா கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பொருளாதாரம் படிக்கிறாயே, தம்பி! எது நியாயமான வரி? உன் புத்தகம் என்ன சொல்லுகிறது?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. விடுமுறை முடிந்து வந்தபின் நூலகத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதற்கண், இந்த வரியை விதிக்கும் உரிமை யாருக்கு என்பதைப் பார்ப்போம். நமது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57-ஆவது இனம் சாலையில் ஓடத்தக்க வண்டிகளின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தருகிறது. ஆனால் மோட்டார் வண்டிகளுக்கு எந்தக் கொள்கைகளின்படி வரி விதிப்பது என்பது பொதுப்பட்டியலின் 35-ஆவது இனத்தில் இருக்கிறது. அதாவது, மத்திய அரசும் அதில் வாய் திறக்கலாம். அந்தமான் நிக்கோபார் தீவுகள் சட்டமன்றமில்லாத ஒன்றியப் பகுதி. எங்களுக்கான விதிகளை 240-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறைகளாக இயற்றலாம். ஆதலால் திண்ணையில் நடந்த வழக்கைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு எங்களுக்கென்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் கிடையாது. இது வேறு கதை.

பெரியப்பாவின் முதல் கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. வரி மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்றொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்குமேல் தங்கினால் அங்கே புதிய எண் வாங்கவேண்டும். வாங்கினால் அங்குள்ள வரியும் வந்து சேரும். முன்பு கட்டிய வரியில் மீதிக் காலத்துக்குரிய பங்கைத் திரும்பக் கேட்கலாம் என்று பல மாநிலச் சட்டங்கள் சொல்லுகின்றன. கேட்பதற்குக் காகிதங்கள் வேண்டும். நடப்பதற்குக் கால்கள் வேண்டும். பெரியப்பாவிடம் காகிதமும் இல்லை, காலும் சரியில்லை. இத்தகைய இடமாற்றத் தொல்லையைக் குறைப்பதற்காகவே மத்திய அரசு 2021-இல் 'பாரத்' வரிசை எண்ணைக் கொண்டுவந்தது. அதில் ஆயுள் வரி கிடையாது. இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் மத்திய மாநில அரசு ஊழியர், பாதுகாப்புப் படையினர், பல மாநிலங்களில் கிளையுள்ள பெரிய நிறுவனங்களின் ஊழியர் ஆகியோருக்கே அது பெரிதும் உரியது. பழைய கார் வாங்கும் கிழவருக்கு அந்தக் கதவு திறவாது.

நிற்க. வண்டிக்கு வரி எதற்காக என்பதை விளங்கிக்கொண்டால்தான் எவ்வளவு என்பது விளங்கும்.

சாலையில் போவோரிடம் பணம் வாங்குவது பழைய வழக்கம். அதை நீக்கியவனுக்குப் புகழ் சேர்ந்ததும் பழைய வழக்கம். முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் நிலைத்ததை நாம் அறிவோம். மோட்டார் வந்த காலத்திலும் ஒரு சுங்கம் தவிர்ப்பு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1931-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டி வரிச் சட்டம் வழிநெடுக இருந்த சாலைச் சுங்கங்களை ஒழித்து, அவற்றுக்கு ஈடாக வண்டியின்மீது ஒரே வரியை வைத்தது. கதவுக்குக் கதவு நின்று காசு கொடுப்பதற்குப் பதிலாக ஒரே இடத்தில் கட்டிவிட்டுப் போகலாம் என்பது அதன் கருத்து. ஆக, வண்டி வரி பிறந்ததே சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணமாகத்தான்.

நீதிமன்றங்களும் நெடுங்காலம் இந்தக் கருத்தையே சொல்லிவந்தன. 1962-இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், சாலை வசதிக்கு ஈடாக வாங்கும் வரி வணிகச் சுதந்திரத்துக்குத் தடையாகாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. 1974-இல் ஒரிசாவைச் சேர்ந்த போலானி சுரங்க வழக்கில், சுரங்க எல்லைக்குள்ளேயே உழலும் வண்டிக்கு இந்த வரி இல்லை என்றது. அண்மையில் 2025 ஆகஸ்டிலும் விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள் மட்டும் ஓடிய வண்டிகளைப் பற்றி அதையே கூறியது: பொதுச் சாலையில் கால் வைக்காத வண்டி பொதுச் சாலைக்கு ஏன் பணம் தரவேண்டும்? இதை அப்படியே நீட்டினால் பெரியப்பாவின் கட்சி வலுக்கிறது. சாலையே மிதிக்காதவனுக்கு வரி இல்லை என்றால், கொஞ்சம் மிதிப்பவனுக்குக் கொஞ்சம், நிறைய மிதிப்பவனுக்கு நிறைய என்பதுதானே முறை? நீதிமன்றம் அவ்வளவு தூரம் போகவில்லை. நாம் போய்ப் பார்ப்போம்.

ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட பெருநூலில் வரிக்கு நான்கு இலக்கணம் வகுத்தார் என்பதைப் பொருளாதார மாணவர் எல்லாரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள்: சமநீதி, உறுதி, வசதி, சிக்கனம். அதே நூலில் சாலைச் சுங்கத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதியை நம்மில் பலர் புரட்டுவதில்லை. வண்டியின் எடைக்கு ஏற்பச் சுங்கம் வாங்கினால், அவரவர் சாலையைத் தேய்க்கும் அளவுக்கு அவரவர் பணம் தருவதாகும் என்கிறார். உடனே இன்னொன்றும் சொல்லுகிறார்: செல்வரின் சொகுசு வண்டிகளுக்கு எடைக்குரியதைவிடச் சற்றுக் கூடுதலாகவும், சரக்கு வண்டிகளுக்குக் குறைவாகவும் வாங்கலாம், அதனால் ஏழைகளுக்குப் பொருள்கள் மலிவாகும் என்கிறார். தேய்மானத்துக்கு ஏற்ற வரி, வசதிக்கு ஏற்ற வரி என்ற இரண்டும் அங்கேயே கைகோத்து நிற்கின்றன. பின்னால் வந்த சண்டைகளெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையிலானவையே.

இனி, எதை அளந்து வரி போடுவது? உலகம் பல அளவுகோல்களைக் கையாண்டு பார்த்திருக்கிறது. அவற்றுள் மிகவும் வேடிக்கையானது பிரிட்டனின் குதிரைத் திறன் வரி.

1921 முதல் அந்நாட்டில் காருக்கு ஒரு குதிரைத் திறனுக்கு ஒரு பவுன் என்று ஆண்டு வரி விதித்தார்கள். குதிரைத் திறனை எப்படிக் கண்டார்கள்? எஞ்சினை ஓட்டிப் பார்த்து அன்று. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, இரண்டரையால் வகுத்தார்கள். அமெரிக்காவின் பெயர்பெற்ற போர்டு 'டி' காருக்கு விட்டம் மூன்றேமுக்கால் அங்குலம், நான்கு சிலிண்டர். கணக்குப் போட்டால் 22.5 வரும், ஆண்டுக்கு 23 பவுன். பிரிட்டனின் ஆஸ்டின் செவன் காருக்கோ எட்டுப் பவுன் போதும். உள்நாட்டுத் தொழிலுக்கு இது நல்ல வேலியாயிற்று.

ஆனால் சூத்திரத்தில் ஓர் ஓட்டை இருந்தது. சிலிண்டரின் விட்டத்தைக் கேட்டார்களே ஒழிய, பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதைக் கேட்கவில்லை. பொறியியலார் என்ன செய்தார்கள்? விட்டத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டினார்கள். குழாய்போல் ஒல்லியாய் நெட்டையாய் எஞ்சின்கள் பிறந்தன. வரிக்காக வடித்த அந்த எஞ்சின்கள் அகலமான சாலைகளும் நீண்ட பயணங்களும் உள்ள வெளிநாடுகளில் எடுபடவில்லை என்ற குறை எழுந்தது. போருக்குப் பின் ஏற்றுமதி இன்றி வாழமுடியாது என்ற நிலை வந்ததும், 1947-இல் புதிய கார்களுக்கு அந்தச் சூத்திரத்தைக் கைவிட்டார்கள்; 1948-இல் புதிய கார் எதுவாயினும் ஆண்டுக்குப் பத்துப் பவுன் என்று ஒரே வரியாக்கினார்கள். கால் நூற்றாண்டுக் காலம் ஒரு நாட்டின் எஞ்சினை வரி அலுவலகம் வடிவமைத்தது என்றால் மிகையாகாது.

நாமும் இதற்கு இளைத்தவர்கள் அல்லோம். ஆண்டு வரி அன்று எனினும், நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமும் சிறிய எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். விளைவு, பின்புறம் பெட்டியுள்ள கார்களுக்கு வால் அறுந்தது. 2008-இல் டாட்டாவின் இண்டிகோ கார் 3988 மில்லிமீட்டராகக் குறுகி வந்தது, பிறரும் தொடர்ந்தனர். தெருவிலே போகும் மொட்டைவால் கார்களைப் பார்க்கும்போது அவற்றின் தையற்காரர் நிதியமைச்சகம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அளவுகோலை வைத்தாலும் வண்டி செய்வோர் அந்த அளவுகோலுக்கு ஏற்றபடி நெளிந்து கொடுப்பர். ஆதலால் எது குறைந்தால் ஊருக்கு நன்மையோ, அதை அளப்பதே அறிவுடைமை. சிலிண்டரின் விட்டம் குறைவதால் ஊருக்கு யாது நன்மை?

ஜப்பான் எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து ஆண்டு வரி வாங்குகிறது. 660 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு கார்களுக்குத் தனிச் சலுகை உண்டு. இத்தாலி எஞ்சினின் ஆற்றலைக் கிலோவாட்டில் எண்ணுகிறது. ஜெர்மனி 2009 முதல் கொள்ளளவையும் கரியமில வாயுவையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. நம்மவர் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரிலும் எஞ்சின் அளவே அடிப்படை. கொள்ளளவைப் பார்க்கும் கோல்களுக்கெல்லாம் இன்று ஒரே நோய்: மின்சாரக் காரில் சிலிண்டரே இல்லை. எங்கள் எதிர்வீட்டு ஆசிரியையின் வண்டியை அந்தக் கோல்களால் அளக்கமுடியாது.

நம் மாநிலங்கள் பலவற்றில் அளவுகோல் விலை. அதுவும் ஆண்டுதோறும் அன்று, ஆயுளுக்கு ஒரே முறை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய விகிதத்தைப் பாருங்கள். ஐந்து லட்சம் வரையுள்ள காருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, பத்து லட்சம் வரை பதின்மூன்று, இருபது லட்சம் வரை பதினெட்டு, அதற்குமேல் இருபது. செல்வர் கூடுதலாகக் கட்டுகின்றனர், பார்வைக்கு நியாயமே. ஆனால் இந்தப் படிக்கட்டில் ஓர் இடத்தில் பள்ளம் இருக்கிறது. 9,99,000 ரூபாய்க் காருக்குப் பதின்மூன்று விழுக்காடு என்றால் வரி 1,29,870 ரூபாய். 10,01,000 ரூபாய்க் காருக்குப் பதினெட்டு விழுக்காடு என்றால் 1,80,180 ரூபாய். விலையில் இரண்டாயிரம் ரூபாய் ஏறியதற்கு வரியில் ஐம்பதாயிரத்துக்குமேல் ஏறுகிறது! வருமான வரியில் இவ்வாறு செய்வதில்லை; எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே உயர்ந்த விகிதம். கார் வரியிலும் அப்படிச் செய்வதற்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்குப் போதும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எட்டு லட்சம் ரூபாய்க் கார் ஒன்றுக்குப் பதின்மூன்று விழுக்காடு 1,04,000 ரூபாய். அதைப் பதினைந்து ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,930 ரூபாய். ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 31 காசு விழுகிறது. இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 35 காசுதான். ஒரே கார், ஒரே சாலை. குறைவாகப் பயன்படுத்துபவர் ஆறரை மடங்கு கொடுக்கிறார். மேலும், முன்கூட்டியே மொத்தமாகக் கட்டிவிட்டவர், 'வரிதான் கட்டியாயிற்றே' என்று கூடுதலாக ஓட்டத்தான் நினைப்பாரே தவிரக் குறைவாக ஓட்ட நினைக்கமாட்டார்.

"அதற்குத்தான் பெட்ரோல் வரி இருக்கிறதே! ஓட்டுகிறவன் குடிக்கிறான், குடிக்கிறவன் கொடுக்கிறான்" என்றார் ஒப்பந்தக்காரர் அன்று திண்ணையில். இது வலுவான வாதம். பெட்ரோல் வரி உண்மையில் தூரத்துக்கேற்ற வரியே. வசூலிக்கச் செலவும் குறைவு. ஆனால் அந்தமானில் அதன் கை மிகவும் மெலிந்தது. தீவு நிர்வாகம் பெட்ரோலின்மீது வைத்த மதிப்புக்கூட்டு வரி நூற்றுக்கு ஒன்றே. 2024-இல் சென்னையில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி விற்றபோது போர்ட் பிளேயரில் எண்பத்திரண்டு ரூபாய்ச் சொச்சம். அதை உயர்த்தலாமே என்றால், உயர்வு காரோடு நிற்காது. மீன் விற்கப் போகும் இருசக்கர வண்டிக்காரர் தலையிலும் விழும். எல்லாப் பண்டமும் கப்பலில் வரும் தீவில் எரிபொருள் விலை தக்காளி விலையாகவும் மாறிவிடும்.

மின்சாரக் காரோ பெட்ரோலே குடிப்பதில்லை. "நான் புகை விடுவதில்லையே, எனக்கு ஏன் வரி?" என்றார் ஆசிரியை. அவர் புகை விடவில்லை என்பது உண்மை. ஆனால் எங்கள் தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் இயந்திரங்களிலிருந்து வருவது. ஆசிரியையின் வண்டிக்குப் புகைக்குழல் இல்லை என்று சொல்லுவதைவிட, அது ஊருக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லுவதே பொருந்தும். புகை ஒரு புறம் இருக்க, சாலையில் அவர் வண்டி பிடிக்கும் இடம் மற்ற வண்டிகள் பிடிக்கும் இடந்தானே?

எடையைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவாவில் 1958 முதல் 1960 வரை தனிச் சாலைகளை அமைத்து, அவற்றின்மேல் லாரிகளை ஓயாது ஓட்டிச் சோதனை செய்தார்கள். அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரு மடங்கன்று, ஏறக்குறையப் பதினாறு மடங்கு என்று அதிலிருந்து கண்டார்கள். இந்தக் கணக்குப்படி, எங்கள் ஒப்பந்தக்காரர் வண்டியின் அச்சு பெரியப்பா வண்டியின் அச்சைப்போல் நூற்றுமுப்பது மடங்கு சேதம் செய்கிறது. பெரியப்பா இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பார். ஆனால் அவசரப்படவேண்டாம். பத்து டன் பாரமேற்றிய லாரி அச்சு ஒரு முறை போவது, அந்தப் பெரிய காரின் அச்சு ஆறாயிரத்து எண்ணூறு முறை போவதற்குச் சமம். அதாவது, சாலையைப் பொறுத்தவரை இரண்டு கார்களும் எறும்புகளே; ஒன்று கட்டெறும்பு, மற்றொன்று சிற்றெறும்பு. எங்கள் சாலைகளைக் கெடுப்பவை சரக்கு லாரியும், ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவில் கொட்டும் மழையுமே. மழைக்கு வரி போட வழியில்லை.

அப்படியானால் காருக்கு வரி தேய்மானத்துக்காக அன்று. இடத்துக்காக என்று கொள்ளவேண்டும். சாலை வேண்டும், பாலம் வேண்டும், நிறுத்த இடம் வேண்டும், விளக்கும் காவலரும் வேண்டும். காலையில் அபர்தீன் பஜாரின் மேட்டுத் தெருக்களில் ஏறிப் பார்த்தால் இது கண்கூடு. எடை அப்போதும் ஓரளவு பொருந்தும். பெரிய வண்டி பெரிய இடம் பிடிக்கிறது, மோதினால் எதிரில் இருப்பவருக்குப் பெருந்தீங்கு செய்கிறது. ஆனால் பதினாறு மடங்கு கணக்கு காருக்கு வேண்டாம். இரு மடங்கு எடைக்கு இரு மடங்கு போதும்.

இப்பொழுது நியூசிலாந்துக்குப் போவோம். அங்கே டீசல் வண்டிகளுக்கு 1978 முதல் தூரக் கணக்கில்தான் சாலைக் கட்டணம். ஆயிரம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டி உரிமச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மீட்டர் அந்த எண்ணைத் தாண்டினால் அடுத்த சீட்டு. 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களையும் இதில் சேர்த்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர் என்று வைத்தார்கள். பிரிட்டனும் 2028 முதல் மின்சாரக் கார்களுக்கு மைல் கணக்கில் வரி வாங்கப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது.

தூரக் கணக்குக்குப் பொதுவாகச் சொல்லும் தடை ஒன்று உண்டு. சென்னைக் கார் பெங்களூர் போய் வருகிறது. அந்தத் தூரத்துக்கு வரி தமிழ்நாட்டுக்கா, கருநாடகத்துக்கா? இதைப் பிரித்தறிய வண்டி போகுமிடமெல்லாம் வானத்திலிருந்து உளவு பார்க்கவேண்டும். எவரும் அதை விரும்பார். அந்தமானுக்கோ இந்தத் தொல்லையே இல்லை! நாற்புறமும் கடல். எங்கள் கார் எல்லை தாண்ட வேண்டுமானால் கப்பலில்தான் ஏறவேண்டும். கப்பலில் இருக்கும்போது சக்கரம் சுழலாது. மீட்டரில் ஏறும் ஒவ்வொரு கிலோமீட்டரும் தீவுச் சாலையில் ஓடிய கிலோமீட்டரே. இந்தியாவில் தூர வரியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்றே கடவுள் செய்துவைத்த இடம் எங்கள் தீவுகள். மீட்டரைப் படிக்கத் தனி அதிகாரியும் வேண்டாம். ஆண்டுதோறும் புகைச் சான்றுக்கும் காப்பீட்டுக்கும் வண்டிக்காரர் எப்படியும் போகிறார். அங்கேயே எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். மின்சார வண்டிக்குக் காப்பீட்டின்போது பார்த்தால் போயிற்று.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விகிதங்கள் என் சொந்தக் கற்பனை. எந்தச் சட்டத்திலும் தேடாதீர்கள். பதிவில் இருக்கும் ஒவ்வொரு காருக்கும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் நிலை வரி. அதன்மேல், ஒரு டன் எடை ஒரு கிலோமீட்டர் ஓடினால் இருபது காசு. பெரியப்பாவின் கார் 650 கிலோ, மூவாயிரம் கிலோமீட்டர். அதற்கு 390 ரூபாய். நிலை வரியோடு 1,390. ஆசிரியையின் கார் 1,400 கிலோ; எண்ணாயிரம் கிலோமீட்டர்; 2,240-உம் ஆயிரமும் சேர்ந்து 3,240. ஒப்பந்தக்காரரின் வண்டி 2,200 கிலோ. வாரம் ஒரு முறை மாயாபந்தர் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய இருபத்தையாயிரம் கிலோமீட்டர். 11,000-உம் ஆயிரமும் சேர்ந்து 12,000. விலையை நான் கேட்கவே இல்லை. ஆயினும் வசதியுள்ளவர் தாமாகவே மேலே போய்விட்டார்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு பயன், சிறு தீவுகளுக்குக் கிடைக்கும் நீதி. ஷாகீத் தீவு என்று இன்று வழங்கும் நீல் தீவில் ஒருவர் கார் வைத்திருந்தால், அவர் எவ்வளவு முயன்றாலும் அதிக தூரம் ஓட்டமுடியாது. சாலை கடலில் போய் முடிந்துவிடும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தமான் பெருஞ்சாலையை அவர் வண்டி காண்பதே இல்லை. அவருக்கும் போர்ட் பிளேயர்க்காரருக்கும் ஒரே வரி என்பது எந்த நியாயம்? தூரக் கணக்கில் இது தானே சரியாகிவிடுகிறது.

இந்தக் கணக்கை ஊருக்குப் போன இடத்தில், அடுத்த விடுமுறையில், திண்ணையிலே படித்துக் காட்டினேன். ஒப்பந்தக்காரர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை, நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "என்னை விடு, தம்பி. நான் ஒப்பந்தத் தொகையில் சேர்த்துக்கொள்வேன். டிக்லிபூரில் இருக்கிறவன் பெண்டாட்டிக்குப் பிரசவச் சிக்கல் என்றால் போர்ட் பிளேயர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரவேண்டும். போகவர அறுநூறு கிலோமீட்டருக்குமேல். ஜிர்காடாங்கில் காவலர் அணிவகுப்புக்குக் காத்திருந்து, நடுநீரிணையில் படகிலே வண்டியை ஏற்றி வருகிறவன் அவன். அவனுக்குப் பக்கத்திலே மருத்துவமனை கட்டித் தராத சர்க்கார், தூரத்துக்கு வரி கேட்கலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. தூரம் என்பது சிலருக்கு விருப்பம், சிலருக்கு விதி. நகரத்தானுக்கு நியாயமாகத் தோன்றும் கணக்கு வடக்கே இருப்பவனுக்குத் தண்டனையாகிறது. அந்தப் பெருஞ்சாலையின் கதையே சிக்கலானது. ஜாரவா மக்களின் காப்புக்காட்டின் வழியே போகும் பகுதியை மூடவேண்டும் என்று 2002-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது; அதன் பின்னும் வண்டிகள் காவலுடன் அணியணியாய் அதன் வழியே போய்க்கொண்டுதான் இருந்தன. அந்தச் சாலையால் ஜாரவா மக்கள் கொடுக்கும் விலையை எந்த மீட்டரும் காட்டாது.

யோசித்து ஒரு திருத்தம் செய்தேன். வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தில் பதிவான கார்களுக்கு ஆண்டில் முதல் ஆறாயிரம் கிலோமீட்டருக்குத் தூர வரி வேண்டாம். அது டிக்லிபூரிலிருந்து ஒன்பது பத்து முறை தலைநகர் வந்து போவதற்குப் போதும். இதனால் போர்ட் பிளேயர்க்காரர் தம் வண்டியை மாயாபந்தர் முகவரியில் பதிவு செய்வாரே என்றால், செய்யத்தான் செய்வார். சலுகை இருக்கும் இடத்தில் பொய் முகவரியும் இருக்கும். நீதியைக் கூட்டக் கூட்டச் சூத்திரம் நீள்கிறது. நீண்ட சூத்திரத்தில் ஓட்டைகளும் மிகுகின்றன. சிலிண்டர் விட்டத்தை மட்டும் அளந்தவர்களுக்கே அந்தப் பாடு என்றால் என் கணக்கு எத்தனை பேரால் வளையுமோ? எனினும், ஓட்டாத கிழவர் ஓட்டுகிறவரைவிடக் கிலோமீட்டருக்கு ஆறு மடங்கு கொடுப்பதை நியாயமென்று என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டையுள்ள நியாயம், ஓட்டையில்லாத அநியாயத்தைவிட மேல் என்றே நினைக்கிறேன்.

பெரியப்பாவுக்கு 1,390 ரூபாய் என்ற எண் மிகவும் பிடித்துப்போயிற்று. "மூவாயிரம் என்று நீயாகப் போட்டதுதானே? உண்மையில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம், வா" என்று கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். கைவிளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனோம். மீட்டர் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைத் துடைத்து எண்ணைப் படித்தேன். 61,204.

"போன விடுமுறையிலும் இதே எண்தானே இருந்தது?" என்றேன், நினைவு வந்தவனாக.

"அதற்கு முந்தின விடுமுறையிலும் அதே எண்தான்" என்றார் பெரியப்பா. "கப்பலில் வரும்போதே கம்பி அறுந்துவிட்டது போலிருக்கிறது. மாற்ற வேண்டுமென்று எனக்கு இதுவரை தோன்றவில்லை."